தேயாத பலகை பிறந்த காடு

எங்கள் வீட்டு வாசலில் ஒரு பலகை பதித்திருக்கிறேன். ஓரடிச் சதுரம், சுண்டுவிரல் கனம்கூட இல்லை. 28 ஆண்டுகளாக அதை மிதித்துத்தான் எல்லோரும் உள்ளே வருகிறார்கள். தபால்காரர், கேஸ் போடும் பையன், திருமண அழைப்பிதழ் கொடுக்க வரும் உறவினர், காலில் மண்ணோடு ஓடி வரும் பிள்ளைகள் என்று ஒருவர் பாக்கியில்லை. சுற்றியிருக்கும் சிமெண்டுத் தரை இரண்டு முறை பெயர்ந்து, இரண்டு முறை பூசியாகிவிட்டது. பலகை மட்டும் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் கடையில் வாங்கிய நாள் போல இருக்கும்.

கடையில் வாங்கியது இல்லை. 1996ல் என் வேலையிடத்திலிருந்து வந்தது. மூவாரில் ரப்பர் மரப் பலகைகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அப்போது நான் சூப்பர்வைசர். ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் வந்தார். பெரிய கடைத்தொகுதிக்குத் தரை போட வேண்டும், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானோர் நடக்கும் இடம் என்றார். பையிலிருந்து இந்தப் பலகையை எடுத்து மேசை மேல் வைத்து, “இதுபோல உங்கள் ரப்பர் மரத்தில் செய்ய முடியுமா?” என்று கேட்டார். பின்பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் பெர்மாகிரெய்ன், பென்சில்வேனியா என்று இருந்தது.

தவுக்கே என்னைப் பார்த்தார். “செய்யலாம்” என்று சொன்னவன் நான்தான்.

ஆறு மாதம் முயன்றோம். எண்ணெய் காய்ச்சித் தடவிப் பார்த்தோம், லேக்கர் ஏழு பூச்சு பூசினோம், ஜெர்மனியிலிருந்து வந்த ஏதோ ஒரு திரவத்தையும் வாங்கினோம். எங்கள் பலகையையும் அந்தப் பலகையையும் தொழிலாளர்கள் பஞ்ச் கார்டு அடிக்கும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் பதித்தோம். முந்நூறு பேர், ஒரு நாளைக்கு நான்கு தடவை, செருப்பில் மணலோடு. மூன்றாவது மாதம் எங்கள் பலகையின் நடுவே வெள்ளையாக ஒரு தடம் விழுந்துவிட்டது. பளபளப்பு போன பிறகு அழுக்கு நேராக மரத்துக்குள் இறங்கியது. பக்கத்தில் இருந்த பலகை சும்மா இருந்தது. அதை நான் தினமும் வெறுப்போடு பார்த்துக்கொண்டு கார்டு அடிப்பேன்.

ஆர்டர் போய்விட்டது. அதை நம்பித் தொடங்கிய இரவு ஷிஃப்டு நின்றது. என் பிரிவில் ஒன்பது பேருக்கு வேலை போயிற்று. ஒன்பது பேருடைய பெயரையும் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். அவர்களில் ஒருவர் என் மனைவியின் அக்கா. நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பலகையைத் தூக்கிப் போடச் சொன்னார்கள், நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் இன்றும் சரியான பதில் கிடையாது. அக்கா ஒவ்வொரு தீபாவளிக்கும் அதை மிதித்துத்தான் உள்ளே வருவார். அது எதன் பலகை என்று அவருக்குத் தெரியும்.

மகளுக்குப் பென்சில்வேனியாவில் ஸ்டேட் காலேஜ் என்ற ஊரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தபோது எல்லோரும் பாராட்டினார்கள். நான் முதலில் வரைபடத்தைத்தான் பார்த்தேன். சென்ற அக்டோபரில் அவளைப் பார்க்கப் புறப்பட்டபோது, உளியால் வாசல் பலகையை நெம்பி எடுத்துப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தேன். “மகளுக்கு முறுக்கு வைக்கிற இடத்தில் பலகையை வைக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்” என்றார் மனைவி.

நயாகரா போகலாம், நியூயார்க் போகலாம் என்றாள் மகள். கார்தாஸ் போகலாம் என்றேன். “அது எங்கேப்பா இருக்கு?”

நெடுஞ்சாலை 80ல் ஏறி, ஸ்னோ ஷூ என்ற ஊரில் இறங்கி, மலைச்சாலையில் திரும்பினால் சஸ்குவஹானா ஆற்றின் மேற்குக் கிளை வருகிறது. பாலத்தைத் தாண்டினால் கார்தாஸ். நாலைந்து தெரு, ஒரு தேவாலயம், ஒரு பெட்ரோல் நிலையம் என்று கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிற ஊர். அங்கிருந்து மேலே ஏறுகிறது குவஹானா நெடுஞ்சாலை. சஸ்குவஹானா என்ற ஆற்றின் பெயரிலிருந்து வாலை மட்டும் வெட்டி எடுத்து இந்தக் காட்டுக்கு வைத்துவிட்டார்கள். மேலே ஏறிய பத்தாவது நிமிடம் கைப்பேசியில் கோடுகள் எல்லாம் போய்விட்டன.

இலையுதிர் காலம் என்று படங்களில் பார்த்திருக்கிறோம். நேரில் பார்க்கும்போது, மரக்காரனான எனக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. எங்கள் காட்டில் மரத்தை அடையாளம் காணப் பட்டையைக் கீற வேண்டும், முகர வேண்டும். இங்கே நிறமே பெயர்ப்பலகை. துருப்பிடித்த சிவப்பு என்றால் ஓக், தீப்பிடித்த சிவப்பு என்றால் மேப்பிள், மஞ்சள் என்றால் பர்ச். பர்ச் மரங்கள் ஓரிடத்தில் நூற்றுக்கணக்கில் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன, சுண்ணாம்பு அடித்த தூண்கள் போல. மரியன் புரூக்ஸ் என்ற பெண்மணியின் பெயரில் அதைத் தனியாகப் பாதுகாக்கிறார்கள். மகள் படம் எடுத்தாள். நான் ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்தேன்.

இது ஆதிக்காடு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வானளாவ நின்றவை வெள்ளைப் பைனும் ஹெம்லாக்கும். பைனை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டுக் கீழே வில்லியம்ஸ்போர்ட்டுக்கு அனுப்பினார்கள். ஹெம்லாக்கின் பட்டையை உரித்துத் தோல் பதனிடக் கொடுத்தார்கள். மொட்டையாகிப்போன மலையில் தீ புகுந்தது. அதற்குப் பிறகு தானாக முளைத்து வந்தவைதான் இந்த ஓக்கும் மேப்பிளும் பர்ச்சும். அதைப் படித்தபோது ரப்பர் மரம் நினைவுக்கு வந்தது. பால் வடியும் வரை வடித்துவிட்டு, இருபத்தைந்து முப்பது வயதில் கிழடு என்று வெட்டி விறகாக எரித்துக்கொண்டிருந்தோம். அந்தக் கழிவுதான் பிறகு மூவாரை நாற்காலி மேசை நகரமாக்கியது. இரண்டும் வேறொன்றை எடுத்து முடித்த பிறகு மிஞ்சிய மரங்கள்.

கதை 1955ல் வேறு பக்கம் திரும்புகிறது. விமான இயந்திரங்கள் செய்த கர்டிஸ்-ரைட் நிறுவனத்துக்கு, மாநில அரசு இந்தக் காட்டில் சுமார் 50,000 ஏக்கரை ஒதுக்கிக் கொடுத்தது. பாதியை விலைக்கும் மீதியைக் குத்தகைக்கும் என்றுகூட இல்லை, பெரும்பகுதி குத்தகைதான். பதினாறு பக்கங்கள் கொண்ட ஒரு பெரிய வடிவமாக எல்லை போட்டார்கள். நோக்கம் என்ன தெரியுமா? அணுசக்தியில் பறக்கும் விமானம். எரிபொருள் நிரப்ப இறங்காமல் நாள்கணக்கில் வானத்தில் சுற்றும் போர் விமானம் ஒன்றை அமெரிக்கா அப்போது கனவு கண்டுகொண்டிருந்தது. அதற்காக இந்தக் காட்டுக்குள் ஓர் அணுஉலையையும், கதிர்வீச்சுப் பொருள்களைத் தொடாமல் கையாள்வதற்குக் கனத்த கான்கிரீட் சுவர் வைத்த அறைகளையும் கட்டினார்கள்.

விமானம் பறக்கவில்லை. 1960ல் நிறுவனம் கிளம்பிவிட்டது, உலை பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. மறு வருடம் கென்னடி அதிபரானதும் அணு விமானத் திட்டமே மூடப்பட்டது.

ஆனால் ஜெட் இயந்திரங்களைச் சோதித்த பதுங்கு அறைகள் இன்னும் இருக்கின்றன. காட்டுப் பாதையில் நடந்து போய்ப் பார்த்தோம். மண்மேட்டுக்குள் புதைத்த கான்கிரீட் குகை, மேலே புல், வாசலில் யாரோ அடித்த பெயிண்ட் கிறுக்கல்கள். உள்ளே இருட்டு. மகள் கைப்பேசி விளக்கைப் போட்டாள். சுவர் கனத்தை முழங்கையால் அளந்து பார்த்தேன். ஒரு பொருளை மனிதர்களிடமிருந்து ஒளித்து வைக்க எவ்வளவு சிமெண்டு வேண்டியிருக்கிறது என்று தோன்றியது. “அப்பா, போதும் வாங்க, கரடி வரும்” என்றாள். கரடி உண்மையிலேயே உள்ள காடு அது.

சரி, அணுவிமானத்துக்கும் தரைப் பலகைக்கும் என்ன சம்பந்தம்? இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரம் என்பது குழாய்களின் கட்டு. வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் போன குழாய்கள். மரம் காய்ந்ததும் அவற்றில் காற்று மட்டும்தான். நாம் நடக்கும்போது அந்த வெற்றுக் குழாய்கள்தான் நசுங்குகின்றன, குதிகால் செருப்பு குழி போடுவது இதனால்தான். மேலே எத்தனை பூச்சு பூசினாலும் அது காகிதம் போலத்தான், அடியில் வெற்றிடம் இருக்கும் வரை. நாங்கள் மூவாரில் ஆறு மாதம் செய்த தவறு அதுதான். காகிதத்தைத் தடிப்பாக்கிக்கொண்டிருந்தோம்.

பென்சில்வேனியாக்காரர்கள் குழாயையே அடைத்தார்கள். காய்ந்த பலகைகளை இரும்புக் கலத்தில் அடுக்கி, மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். பிறகு அக்ரிலிக் திரவத்தை விட்டு அழுத்தம் கொடுப்பார்கள். தண்ணீர் போல மெலிந்த திரவம், மூக்கைத் துளைக்கும் வாடை. காற்று இருந்த இடத்தில் எல்லாம் அது போய் உட்காரும். வேண்டிய நிறத்தையும் அதிலேயே கலந்துவிடலாம். அதனால் நிறம் மேலே மட்டும் இல்லாமல் அடிவரை இறங்கிவிடும், தேய்ந்தாலும் வெளுக்காது.

இது வரை எங்களுக்கும் புதிது இல்லை. ரப்பர் மரத்தை வெட்டி ஓரிரு நாளுக்குள் பூஞ்சணம் நீலமாக ஏறிவிடும், வண்டு துளைத்துவிடும். மரத்துக்குள் அவ்வளவு மாவுச்சத்து. ஆகவே அறுத்த கையோடு இதே போன்ற கலத்தில் போட்டுப் போரான் மருந்தைத் திணிப்போம். ரப்பர் மரம் பஞ்சு மாதிரி, கொடுத்ததைக் குடித்துக்கொள்ளும். செங்கால் மரத்திடம் அந்த வேலை நடக்காது. அதன் குழாய்களை மரமே அடைத்து வைத்திருக்கிறது. செங்காலுக்கு மருந்தும் தேவையில்லை.

பிரச்சினை அடுத்த படியில். உள்ளே போன திரவம் திரவமாகவே இருந்தால் ஒழுகிப் போய்விடும். அதைக் கெட்டியாக்க வேண்டும். சூடாக்கியும் செய்யலாம், அதற்கு ஓர் ஊக்கியைக் கலக்க வேண்டும், சூடு ஏறும் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். இன்னொரு வழி, காமா கதிர். கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருளுக்குப் பக்கத்தில் மரத்தைக் கொண்டுபோய் வைத்தால், கதிர் மரத்தை ஊடுருவிச் சென்று திரவத்தின் மூலக்கூறுகளைச் சங்கிலி சங்கிலியாகக் கோத்துவிடும். திரவம் உள்ளேயே கல்லாகிவிடும். இதனால் மரம் கதிரியக்கம் பெறுவதில்லை. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் வீட்டுக்கு வந்து ஒளிர்வதில்லை அல்லவா, அதுபோல. கெட்டியான பிறகு அது பெர்ஸ்பெக்ஸ் கண்ணாடிக்கும் பல்செட்டின் ஈறுக்கும் உரிய அதே பொருள். காரில் இதை மகளுக்கு விளக்கிவிட்டு, என் வாயைத் தொட்டுக் காட்டினேன். “அப்போ உங்க வாயிலேயும் தரை போட்டிருக்காங்கன்னு சொல்லுங்க” என்றாள்.

கோபால்ட் 60ஐ வெளியில் வைக்க முடியாது. ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் வைக்க வேண்டும், தண்ணீரே கவசம். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் நீலமாக ஒரு வெளிச்சம் தெரியும் என்பார்கள். சுற்றிலும் கனத்த கான்கிரீட் வேண்டும். ஒரு பலகைத் தொழிற்சாலைக்காரர் இதையெல்லாம் சொந்தக் காசில் கட்டப் போனால் திவாலாகிவிடுவார். இந்தக் காட்டிலோ அவையெல்லாம் தயாராக நின்றன. கைவிடப்பட்ட அணுவிமானக் கனவு, தொட்டியையும் சுவரையும் விட்டுவிட்டுப் போயிருந்தது. கதிர்ப் பாய்ச்சும் தொழில் அங்கே அப்படித்தான் குடியேறியது, 1978ல் பெர்மாகிரெய்ன் அதை எடுத்துக்கொண்டது. சுற்றிலும் ஓக் காடு, நடுவில் யாரோ கட்டிவைத்த கவசம். வழியில் காரை நிறுத்தி, ஒரு மைல்கல்லில் சாய்ந்துகொண்டு இதை யோசித்தேன். 1996ல் எங்களிடம் மரம் இருந்தது, கலம் இருந்தது, உழைக்க ஆள் இருந்தது. இந்தச் சுவர் இல்லை. தவுக்கேயிடம் “செய்யலாம்” என்று சொன்னபோது எனக்கு அது தெரியாது.

தொழிற்சாலை இருந்த இடத்தைத் தேடிக்கொண்டு போனோம். புல்வெளி. ஓரத்தில் இளம் மரங்கள், அவற்றின் மேல் அக்டோபர் வெயில். ஒரு செங்கல்கூட இல்லை. பக்கத்தில் எங்கோ பறவை ஒன்று மரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

இடித்ததற்குக் காரணம் கோபால்ட் இல்லை. கோபால்ட்டின் வீரியம் 5 ஆண்டு 3 மாதத்துக்கு ஒரு முறை பாதியாகிவிடும், அதை எடுத்துக்கொண்டும் போய்விடலாம். சிக்கல் அதற்கு முன்பு, அறுபதுகளில் வந்தது. மார்ட்டின் என்ற விமான நிறுவனம் இதே கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, ஸ்ட்ரான்சியம் 90ஐக் கொண்டு சிறு மின்சாரக் கருவிகள் செய்தது. கடலில் மிதக்கும் வழிகாட்டி விளக்குகளுக்கும், ஆளில்லாத வானிலை நிலையங்களுக்கும் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் தரும் கருவிகள் அவை. வேலை முடிந்து அவர்கள் போனார்கள், ஸ்ட்ரான்சியத்தில் கொஞ்சம் அறைகளின் சுவரிலும் குழாயிலும் தங்கிவிட்டது. அதன் வீரியம் பாதியாவதற்கே சுமார் 29 ஆண்டுகள் வேண்டும். உடம்புக்குள் போனால் கால்சியம் என்று நினைத்து எலும்பு அதைச் சேர்த்துக்கொள்ளும். காட்டில் வேறு சில இடங்களில் புதைத்துவைத்த கழிவைக் கரடியும் மானும் தோண்டிய கதையும் உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில் அறைகளைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். மனிதர் நுழைய முடியாத இடத்துக்கு இயந்திர மனிதனை அனுப்ப வேண்டியிருந்தது. அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 2002ன் கடைசியில் பெர்மாகிரெய்ன் திவாலானது. தொட்டிக்குள் கோபால்ட் அப்படியே இருந்தது. அதை அகற்றும் பொறுப்பு அரசின் தலையில் விழுந்தது. எல்லாம் முடியும்போது செலவு சுமார் 3 கோடி டாலர், பெரும்பாலும் பொதுமக்கள் பணம்.

எங்கள் பலகையின் விலை அதிகம், அவர்கள் பலகையின் தரத்துக்கு அது பொருந்தாது என்று சிங்கப்பூர்க்காரர் அன்றைக்குச் சொன்னார். சதுர அடிக்கு எத்தனை வெள்ளி வித்தியாசம் என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது. புல்வெளியில் நின்றுகொண்டு மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு கட்டத்துக்கு மேல் கணக்கு ஓடவில்லை.

திரும்பும் வழியில் கார்தாஸுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. பசி. சூப்பும் ரொட்டியும் கேட்டோம். பக்கத்து மேசையில் எழுபது வயது தாண்டிய ஒரு மனிதர், தொப்பியில் மான் கொம்புப் படம். எல்க் மான் பார்க்க வந்தீர்களா என்று கேட்டார். அந்த வட்டாரத்துக்கு வெளியூர்க்காரர்கள் அதற்குத்தான் வருகிறார்கள். ஒரு காலத்தில் முற்றாக அழிந்துபோன மான் அது, 1913ல் தொடங்கி மேற்கிலிருந்து ரயிலில் கொண்டுவந்து விட்டார்கள், இப்போது பெருகிவிட்டது.

மகள் தயங்கினாள். நான் பையிலிருந்து பலகையை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவர் கரண்டியை வைத்துவிட்டார். பலகையைக் கையில் எடுக்கவில்லை, முதலில் விரல் கணுவால் தட்டினார். நானும் அப்படித்தான் செய்வேன். பிறகு திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், சிமெண்டும் பழைய பசையும் ஒட்டியிருந்த பக்கத்தை. விளிம்பை முகர்ந்தார். “ரெட் ஓக்” என்றார். சில ஆண்டுகள் அங்கே பலகை தேய்க்கும் பகுதியில் வேலை செய்தாராம். அந்த வாடை சட்டையில் ஏறிவிடும், வீட்டுக்குள் விடமாட்டாள் என்று மனைவியைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். சாதாரண ஓக்கைத் தேய்க்கும் உப்புத்தாள் இதற்கு அரைநாள் தாங்காதாம்.

எத்தனை வருடம் மிதித்தீர்கள் என்று கேட்டார். 28 என்றேன். விரலால் பலகையின் நடுவைத் தடவினார், பள்ளம் இருக்கிறதா என்று. இல்லை. தலையை ஆட்டிக்கொண்டார்.

கதிர் பற்றிப் பயம் இல்லையா என்று மகள் கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “தண்ணிக்குள்ள இருந்தது என்னன்னு எங்களுக்குத் தெரியும். அதுக்குப் பயப்படல. சுவருக்குள்ள இருந்தது எங்களோடது இல்ல” என்ற பொருளில் ஏதோ சொன்னார். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது, மகள்தான் சொன்னாள்.

பிறகு எழுந்து வெளியே போனார். கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். தன் வண்டியிலிருந்து அடுப்பெரிக்கும் விறகுச் சிராய் ஒன்றைக் கொண்டுவந்தார். கையளவு நீளம், காய்ந்த ரெட் ஓக். ஒரு நுனியை என் தண்ணீர்க் கோப்பைக்குள் விட்டு, மறு நுனியை வாயில் வைத்து ஊதச் சொன்னார். பல்செட்டைச் சரிசெய்துகொண்டு ஊதினேன். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது. பரிமாறுகிற பெண் நின்று பார்த்தார். மரத்துக்குள் என் மூச்சு போய் மறுபக்கம் வருகிறது! முப்பது வருடம் மரத்தோடு இருந்தவன், இதைச் செய்து பார்த்ததில்லை. வெள்ளை ஓக்கில் இது நடக்காதாம். அதன் குழாய்கள் அடைபட்டிருக்கும், அதனால்தான் அதில் மதுப்பீப்பாய் செய்கிறார்கள். நம் செங்காலின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர் மரம் எப்படி என்று கேட்டார். ரப்பர் என்றேன். டயருக்கா என்றார். முதலில் டயருக்கு, பிறகு நாற்காலிக்கு என்று மகள் விளக்கினாள். பால் எடுப்பது, வெட்டுவது, மருந்து திணிப்பது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். உப்புத்தாள் எத்தனை எண், பெல்ட் எந்தப் பக்கம் ஓடும் என்றெல்லாம் நாங்கள் பேசியதை மகள் மொழிபெயர்க்க முடியாமல் விட்டுவிட்டாள். கைச் சைகையிலேயே ஓடியது. பலகையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் நீட்டியபோது, வேண்டாம் என்று என் பக்கம் தள்ளினார். வீட்டில் வாசல் காலியாக இருக்குமே என்றார்.

அன்று மாலை காட்டின் விளிம்பில் எல்க் மானும் பார்த்தோம். குதிரை உயரம், கிளைகிளையாகக் கொம்பு. அது போட்ட சத்தம் மட்டும் உடம்புக்கும் கொம்புக்கும் பொருந்தவில்லை; சைக்கிள் பிரேக் கீச்சிடுவது போல இருந்தது.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு வீடு திரும்பினேன். பலகை இருந்த இடத்தில் சிமெண்டில் ஒரு சதுரம் வெளுத்துத் தெரிந்தது. பசை தடவி வைத்தேன், அழுத்த வேண்டியிருக்கவில்லை.

தீபாவளியன்று அக்கா வந்தார். இப்போது முழங்கால் வலி, வாசலில் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு பலகை மேல் ஒரு நிமிடம் நின்றுதான் உள்ளே வருவார்.

“அந்தக் கம்பெனியப் பாத்தீங்களா தம்பி?”

“மூடிட்டாங்கக்கா. 2002லேயே. கட்டடம்கூட இல்ல, வெறும் புல்லு.”

அக்கா காலுக்குக் கீழே பார்த்தார்.

“எத்தன பேருக்கு வேலை போச்சாம்?”

பெரியவரிடம் உப்புத்தாள் எண் வரை கேட்டிருந்தேன். அதைக் கேட்கவில்லை.